பாலத்தில் மூச்சு முட்டிய நாளும் தண்ணீர்மலைப் படியும்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

பிறைவாசி:
பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து பிறையில் உள்ள வீட்டுக்கு வருகிறேன். கடலைக் கடக்கும் பாலத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, முன்னால் எங்கோ லாரி மோதிக் கிடக்கிறது. நடுப்பாலம். முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்பவும் முடியாது, இரண்டு பக்கமும் கடல். அன்று காலையில்தான் ஆட்குறைப்பு பற்றி மேனேஜர் கூப்பிட்டுப் பேசியிருந்தார். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனி மரத்துப் போனது. இதற்கு முன்பு இரண்டு தடவை இப்படி வந்து, இசிஜி எடுத்துப் பார்த்து, "இதயம் நல்லா இருக்கு, இது பதற்றம்" என்று அனுப்பிவிட்டார்கள். தெரிந்திருந்தும் என்ன, வரும்போது சாவு வருகிற மாதிரிதான் இருக்கிறது.

அப்போது நினைவுக்கு வந்தது டாக்டர் சொன்னது இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படி. 513 படியில் முந்நூறு தாண்டும்போது வருமே, அதே அடிப்பு, அதே மூச்சு. ஆறு மாதமாக வாரம் நான்கு நாள் ஏறுகிறேன். அங்கே வந்தால் பயப்பட மாட்டேன். கைப்பிடியைப் பிடித்து நிற்பேன், இருபது மூச்சு விடுவேன், அடங்கிவிடும். சரி, இதுவும் அதுதானே என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பதினான்காவது மூச்சில் ஒரு மோட்டார்காரர் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, ஓகேவா?" எனக்கு வாயில் வந்தது, "படி ஏறிக்கிட்டிருக்கேன் தம்பி." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

வேலை ஜனவரியில் போய்விட்டது. அது வேறு கதை.

மாடிப்படி அக்கா:
எனக்குப் படி என்றால் ஆயர் ஈத்தாம் ஃபிளாட் படிதான். 2020 மார்ச் 18, எம்சிஓ, அதாவது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. வெளியே ஓடவும் கூடாது என்றார்கள், மே 4ஆம் தேதி தளர்த்தும்வரை. வீட்டில் ஒரே ஹால், மாமியார், இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகாமல் அடைந்து கிடந்த கணவர். யாரையாவது அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்து, குப்பை போடுகிற சாக்கில் படி இறங்கி ஏற ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் ஒரு சீன அங்கிள் எதிரே வருவார். அவர் கையிலும் குப்பைப் பை. நான்காவது நாள்தான் கவனித்தேன், அந்தப் பையில் குப்பையே இல்லை, வெறும் காற்று. என் பையிலும் அப்படித்தான்! அவர் என் பையைப் பார்த்தார், நான் அவர் பையைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் சிரித்தது. அப்புறம் தினமும் எத்தனை சுற்று என்று விரலால் காட்டிக்கொள்வோம். அவர் நான்கு, நான் மூன்று. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. எந்த வீடு என்று கேட்டு வைத்திருக்கவில்லை.

அந்த ஒன்றரை மாதம் நான் யாரையும் அடிக்கவில்லை. உடம்பு உழைத்தால் சுரந்து மனதுக்கு இதம் தரும் எண்டோர்பின் என்கிறார்களே, அதுவாக இருக்கலாம்.

தங்கைக்காக:
எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். என் தங்கை மனச்சோர்வு நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த சமயம் பெரியம்மா வந்தார். "எழுந்து பூங்காவில நாலு சுத்து நடந்தா எல்லாம் போயிரும்" என்றார். அவள் பல் துலக்கியே மூன்று நாள் ஆகியிருந்தது. பெரியம்மா போனதும் எழுந்து சப்பாத்தை எடுத்தாள். ஒரு காலில் மாட்டிக் கயிறு கட்டினாள். மறு காலுக்குக் கை வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நடக்கக்கூட முடியல பாரு என்னால." ஒற்றைச் சப்பாத்தோடு ஒரு மணி நேரம்.

ஏழு மாதம் மருந்து சாப்பிட்ட பிறகு, இப்போது அவளாகவே சாயங்காலம் நடக்கப் போகிறாள். எங்கள் வீட்டில் வரிசை அதுதான்: முதலில் மருந்து, பிறகு நடை. படி ஏறினால் சரியாகிவிடும் என்று யாரும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நடைவாத்தியார்:
பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது குரங்கு என் ரொட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கியது. எழுந்து துரத்தினேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி சில விஷயங்கள். முதலாவது, அக்கா சொன்ன எண்டோர்பின். ரத்தத்தில் அது கூடுவது உண்மைதான், ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. ஓடியபின் வரும் அந்த இதமான மயக்கத்துக்கு நம் உடம்பே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம் என்பதுதான் இப்போதைய பேச்சு. அடுத்தது அளவு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான உழைப்பு. மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே நாளில் அள்ளிக் கொட்டாமல் பிரித்துச் செய்யுங்கள். புகைமூட்ட நாளில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள், 100 தாண்டினால் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். நடப்பவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, அதிலேயே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். படி வேண்டாம் என்பவர்கள் தாவரவியல் பூங்கா அருகே உள்ள மூன் கேட்டில் ஆரம்பித்து, மலைப்பாதையில் '84' என்கிற ஓய்விடம் வரை போய்த் திரும்பலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது அவசரப்படாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

தங்கைக்காக எழுதியவருக்கு: 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் உள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு இரண்டும் என்று 16 வாரம் கொடுத்தார்கள். முடிவில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. ஆகவே பெரியம்மா சொன்னதை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

தங்கைக்காக:
ஐயா, அதே ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்கள் முதல் சில வாரங்களில் சீக்கிரம் தேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள், வாரம் மூன்று நாள் அழைத்து வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். என் தங்கைக்கு அந்த முதல் சில வாரம்தான் பெரிய விஷயம். மற்றபடி குரங்கு கதை நன்றாக இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

செந்தூல் ஷட்டில்:
பினாங்குக்காரர்கள் சண்டையில் கோலாலம்பூர்க்காரன் நுழைகிறேன், மன்னிக்கவும். செந்தூலில் எங்களுக்கு வியாழக்கிழமை இரவு பேட்மிண்டன். எட்டுப் பேர், கோர்ட் காசை ஆளுக்கு 8 வெள்ளி (ரிங்கிட்) போட்டுக் கட்டுவோம். பத்து வருடப் பழக்கம். ஒருவன் வீட்டுக்கு ஒருவன் போனது கிடையாது.

அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. வீடு நிறைய ஆள் இருந்தார்கள், எல்லாரும் ஒரே கேள்வி: "எப்படிப்பா ஆச்சு?" நூறு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது, மரக்கட்டை மாதிரி. மறுநாள் வியாழன். அம்மாவே பையை எடுத்துக் கொடுத்து "போய்ட்டு வா" என்றார்.

ஹாலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் ஜோடிக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஷட்டிலை என் கையில் வைத்து, "சர்வீஸ் உன்னோடது" என்றார். முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. "பரவால்ல, போடு." ஆட்டத்தில் படுதோல்வி. இரண்டாம் செட்டில் வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைத்தேன், மறுபடி எரிந்தது, அப்புறம் எது வியர்வை, எது மற்றது என்று எனக்கே தெரியவில்லை. யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதற்குத்தான் நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

வெளியே வந்து தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) குடிக்கும்போதுதான் தெரிந்தது, நான் வராத வாரத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் கேட்டு வந்தானாம். "ஆள் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டு ஏழு பேரோடு ஆடியிருக்கிறார்கள். என் 8 வெள்ளியையும் அவர்களே போட்டிருக்கிறார்கள். கொடுத்தேன், வாங்கவில்லை.

நடைவாத்தியார்:
தம்பி, ஏழு பேரோடு எப்படி ஆடினார்கள்? ஒரு பக்கம் மூன்று பேரா?

செந்தூல் ஷட்டில்:
ஒரே கோர்ட், நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர் உட்கார்ந்திருப்பார்கள் ஐயா.

பிறைவாசி:
தங்கைக்காக எழுதியவருக்கு: நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எனக்குப் படி உதவியதே, மோசமான நாளில் தொடங்காததால்தான். முன்பே ஆறு மாதம் ஏறியிருந்தேன். பாலத்தில் வைத்துப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்க முடியாது. வேலை போன ஜனவரியில் மூன்று வாரம் நானும் கோயில் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் போனேன். நூறு படிக்கே நாக்குத் தள்ளியது.

மாடிப்படி அக்கா:
தம்பி, 513 என்று எழுதுகிறீர்கள். நான் போன வாரம் எண்ணினேன், 509தான் வந்தது.

பிறைவாசி:
மூச்சு வாங்கி நின்ற இடத்தில் நாலை விட்டிருப்பீர்கள் அக்கா.

மாடிப்படி அக்கா:
நான் எங்கும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள், சேர்ந்து எண்ணுவோம்.