'ரிவிஷன்' அறுவைக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:
சொல்லாக்க மடற்குழுவினருக்கு வணக்கம். நர்சிங் மாணவிகளுக்குத் தமிழில் ஒரு பாடம் எழுதுகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முழங்கால் மூட்டு மாற்றை வட ஐரோப்பாவின் அண்டை நாடுகள் தங்களுக்குள் எப்படி ஒப்பிட்டுப் பார்க்கின்றன என்பதுதான் பாடம். ஸ்வீடனில் 1975 முதலே இதற்குப் பதிவேடு உண்டு. 2007இல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் கைகோத்தன. 2010இல் பின்லாந்தும் சேர்ந்தது. அவர்கள் அளக்கும் கோல் 'ரிவிஷன்': ஒருமுறை வைத்த செயற்கை மூட்டில் மறுபடி கைவைக்கும் அறுவை. அதற்குச் சொல் தாருங்கள்.

'இரண்டாவது அறுவை' என்று எழுதி, கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டியிடம் கேட்டுப்பார்த்தேன். "ஆமாங்க, போன வருசம் இடது, இந்த வருசம் வலது" என்று புடவையை லேசாகத் தூக்கி இரண்டு தழும்பையும் காட்டினார். ரிவிஷன் என்றே விடலாம் என்றால் மாணவிகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது பரீட்சைக்கு முந்தின டெஸ்ட்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மறுமாற்று. மறுமணம் போல. நிற்க, முழங்கால் என்ற சொல்லையே பாருங்கள். முழம் அளக்கும் இடம் முழங்கை. காலில் அதற்கு இணை முழங்கால், முழந்தாள். கன்னடத்தில் மொணகாலு, தெலுங்கில் மோகாலு. 'முழ' என்பதற்குத் திரட்சி என்பதே வேர்ப்பொருளாக இருக்கவேண்டும். முழவும் அதன் வழிதான். மூட்டு, மூட்டுதல் என்றால் தைத்தல், அதிலிருந்து மூட்டை... நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஊட்டி, எலும்பு மருத்துவர்:
ஐயா, வேரை அப்புறம் தோண்டுவோம். வைத்த செயற்கை மூட்டில் எதையாவது கழற்றினாலும், மாற்றினாலும், புதிதாகச் சேர்த்தாலும் பதிவேட்டில் அது ரிவிஷன். சீழ் பிடித்து மொத்தமாக எடுத்துவிட்டால் அங்கே மாற்று ஏது?

சேர்ப்பதில்தான் சிக்கல் அதிகம். டென்மார்க்கில் பெரும்பாலோருக்கு முதல் அறுவையிலேயே முட்டிச்சில்லின் உட்புறம் பிளாஸ்டிக் வில்லை வைத்துவிடுவார்கள். நார்வேயிலும் ஸ்வீடனிலும் அது அரிது, சில்லை அப்படியே விடுவார்கள். பிறகு முன்முட்டி வலிக்கிறது என்று வில்லையை மட்டும் வைத்தாலும் கணக்கில் ஒரு ரிவிஷன் ஏறும். டென்மார்க்காரருக்கோ அதே வலி இருந்தாலும் வைக்க வில்லை பாக்கியில்லை. ஏட்டில் அவர் தேறியவர். சொல் சரியாக அமையாவிட்டால், நார்வே டாக்டர்கள் மட்டம் என்று பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

கோவையிலிருந்து:
மீளறுவை?

ஊட்டி:
செயற்கை மூட்டில் எதையும் மாற்றாமல் கழுவித் தைத்தாலும் மீளறுவைதானே. அது இந்தக் கணக்கில் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
'திருத்தச் சத்திரசிகிச்சை' போதாதா? இன்னொன்று, உங்கள் பாடத்தின் தலைப்பில் 'விளைவு' என்று போட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டால் பக்கவிளைவுதான் ஞாபகம் வரும். பெறுபேறு என்று எழுதலாம்.

கோத்தகிரி:
பெறுபேறு என்றால் இங்கே பிரசவ வார்டுக்குக் கைகாட்டிவிடுவார்கள் அண்ணா.

ஊட்டி:
திருத்தம் என்றால் முதலில் செய்தவன் தப்புச் செய்தான் என்று ஆகாதா? பதினைந்து வருடம் நடந்து தேய்ந்ததற்கும் நான்தான் பொறுப்பா?

குன்னூர்:
திருத்துதல் செம்மைப்படுத்துதல். காடு திருத்திக் கழனியாக்கினான் என்கிறோம்; காடு என்ன தப்புச் செய்தது?

கோத்தகிரி:
ஐயா, சோலைக்காட்டைத் திருத்தித் தேயிலை போட்ட மலையில் உட்கார்ந்துகொண்டு இந்த உதாரணமா!

(இதற்குப் பிறகு பதினொரு மடல்கள் சோலையையும் சீகை மரத்தையும் பற்றி. அவற்றை வெட்டிவிட்டேன். - தொகுப்பவர்)

கோத்தகிரி, வியாழன் இரவு:
திருத்தத்துக்கு மூன்று பேர், மறுமாற்றுக்கு ஒருவர், மீளறுவைக்கு ஒருவர். டாக்டர் அரைமனதாகச் சரி என்றார். 'மூட்டுத் திருத்த அறுவை' என்று போடுகிறேன். அடியில் ஒரு வரி: வைத்ததில் எதையாவது கழற்றுவது, மாற்றுவது, சேர்ப்பது. பாட்டியிடம் அந்த வரியைப் படித்தேன். "வச்ச மூட்டத் தொறந்தாங்களான்னு கேக்குறியா? இல்லியே" என்றார்.

குன்னூர்:
போடுங்கள். ஆனால் திருத்தமும் அறுவையும் புணர்ந்தால் திருத்தவறுவை. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், 'தவறு' வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் பயந்ததும் அதுதானே. மறுமாற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூட்டை பற்றி நாளை எழுதுகிறேன்.