ஆசரிப்புக் கூடாரத்தில் யூதர்களின் அன்றாடத்துக்கு என்ன இருக்கிறது?

ஏட்டுவாசி:
பைபிளின் யாத்திராகமத்தில் 13 அதிகாரங்கள், பாலைவனப் பயணத்தில் இஸ்ரவேலர் சுமந்துசென்ற இந்த வழிபாட்டுக் கூடாரத்தைச் சுற்றியே போகின்றன. பலகை இத்தனை முழம், திரை இந்த நிறம். இதிலிருந்து "உன் மனதையே கூடாரமாக்கு" என்று பாடம் எடுப்பது வலிந்து சொல்வது. பலி வழிபாடு அக்கால மக்களின் பழக்கத்துக்கு இறங்கிவந்து கொடுத்த ஏற்பாடு என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸே சொல்கிறார். கூடாரத்துக்குப் பிறகு வந்த எருசலேம் ஆலயமும் கி.பி. 70இல் இடிந்தது. அதோடு முடிந்த விஷயம் இது.

தச்சன்:
மனக் கூடாரப் பேச்சு எனக்கும் உவப்பில்லை ஐயா. ஆனால் விஷயம் முடியவில்லை. ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையில் ஒரு யூதர் பேனாவை மூடி வைக்கிறாரே, எதனால்? ஓய்வுநாளில் கூடாத 39 வேலைகளை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அடுக்குகிறது: உழுவது, நெய்வது, சாயம் போடுவது, தைப்பது, எழுதுவது, தீ மூட்டுவது என்று. எல்லாம் கூடார வேலைகள் என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத்.

இதில் எழுத்து எங்கே வந்தது? கூடாரத்தைக் கழற்றிச் சுமந்துபோய் மறுபடி நிறுத்த வேண்டும். எந்தப் பலகைக்கு எது ஜோடி என்று தெரிய அவற்றில் எழுத்துக் குறி போட்டார்கள், அதனால்தான் இரண்டு எழுத்து எழுதினாலே மீறல் என்கிறார் மிஷ்னாவில் வரும் யூத போதகர் ரபி யோசே. கதவு நிலை செய்பவர்கள் இன்றும் பென்சிலால் போடும் அதே குறி.

யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கூடாரத்தைக் கட்டச் சொல்வதற்கு முன்பே இஸ்ரவேலரின் தலைவர் மோசே ஓய்வுநாளைச் சொல்லிவிடுகிறார். கடவுளுக்கான வேலையே ஆனாலும் ஏழாம் நாள் உளியைக் கீழே வைத்தாக வேண்டும். ஊழியம் என்று வீட்டையும் உடம்பையும் மறந்து ஓடுகிறவர்களுக்கு இதைவிட நேரடியான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏட்டுவாசி:
அது சட்டம். எதைத் தொடலாம், எதைத் தூக்கலாம் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்திக்கு எங்கே இடம்? கூடாரத்துக்குத் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி என்ற காணிக்கையையாவது காட்டியிருக்கலாம். பணக்காரன் கூடுதலாகவும் ஏழை குறைவாகவும் கொடுக்கக் கூடாது, நல்ல விதி. ஆனால் அதுவும் 20 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள் 6,03,550 பேரின் கணக்கு. பெண்கள் எங்கே?

அல்லி:
திரைக்கு நூல் நூற்றது பெண்கள் (35:25). வெண்கலத் தொட்டி அவர்கள் முகம் பார்த்த வெண்கலக் கண்ணாடிகளில் செய்தது (38:8). அலங்காரப் பொருள் எதற்கு என்று மோசே தயங்கினாராம். எகிப்தில் அடிமை வேலையால் ஓய்ந்துபோன கணவர்களுக்கு இந்தக் கண்ணாடிகளைக் காட்டித்தான் அந்தப் பெண்கள் ஆசையைத் தூண்டி வம்சத்தைப் பெருக்கினார்கள், எனக்கு எல்லாவற்றையும்விட இவையே பிரியம் என்று கடவுள் சொன்னதாக யூத வேத உரையாசிரியர் ராஷி எழுதுகிறார். குருமார் கைகால் கழுவிய தொட்டி அது!

ஏட்டுவாசி:
மூலத்தில் இருப்பது ஒரே வசனம். மற்றது மித்ராஷ், அதாவது ரபிகளின் வேத விளக்கக் கதைகள், சேர்த்தது.

தச்சன்:
ஆமாம், சேர்த்ததுதான். யூதர்கள் மித்ராஷோடு சேர்த்துத்தான் வாசிக்கிறார்கள். நாம் பேசுவதும் அவர்கள் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பற்றித்தானே? 70க்குப் பிறகு என்ன என்றீர்கள். ஆலயம் இருந்தபோது பலிபீடம் பாவநிவிர்த்தி செய்தது, இப்போது மனிதனின் சாப்பாட்டு மேசை செய்கிறது என்கிறது தல்மூத். பந்தியில் சற்று அதிக நேரம் உட்காரச் சொல்வதும் அதே இடத்தில்தான்: ஏழை யாராவது வந்தால் கொடுக்கலாமே என்று.

ஏட்டுவாசி:
மேசையை ஒப்புக்கொள்கிறேன். 39ஐ இன்னும் ஏற்கவில்லை. பலகைக் குறி ரபி யோசே ஒருவர் சொன்ன காரணம்தானே? மற்ற வேலைகள் ஒவ்வொன்றும் கூடாரத்தில் எங்கே வந்தது என்று காட்டுங்கள், பேசலாம்.