மாத்திரை இறங்கும் நேரம்

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்கு ஒன்பது வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு, என்று உறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டதும் கவனத்துக்கான ரிட்டாலின் மாத்திரை ஒன்று, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. ஏறக்குறைய எட்டு மணி நேரம் தாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் பள்ளிக்கூடம் விட்டு வாசல்படி ஏறும்போது மருந்தின் வேகம் இறங்க ஆரம்பித்திருக்கும். உட்கார்ந்து எழுதுகிற பிள்ளை டீச்சருக்கு, மாத்திரை இறங்கின பிள்ளை எனக்கு.

முதல் சில மாதங்கள் இதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல். "நல்ல மாற்றம் தெரிகிறது" என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்புவார். அந்த நோட்டைக் கொண்டுவருகிறவன் பையை ஒரு மூலையிலும் ஷூவை இன்னொரு மூலையிலும் வீசிவிட்டு, டம்ளர் சரியில்லை என்று அழுவான். நீல டம்ளர் வேண்டுமாம். நீல டம்ளரைக் கொடுத்தால் அதற்கும் அழுகை. மருந்தின் வேகம் குறையும்போது சில பிள்ளைகளுக்கு முன்னைவிட எரிச்சல் கூடும் என்பதை டாக்டர் பிறகுதான் விளக்கினார். போதாததற்கு, மருந்து பசியையும் அடக்கிவிடுகிறது. டிபன் டப்பாவைத் திறந்தால் சாண்ட்விச் வைத்தது வைத்தபடி இருக்கும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட வயிறு மூன்று மணி வரை அப்படியே காய்ந்தால் எனக்கே பேயாட்டம் வரும். அவனைச் சொல்லி என்ன? இது புரிவதற்குள் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அடி கொடுக்கச் சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. போன ஆடியில் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள் (இங்கே எல்லோரும் பாரிட்ஜ் ப்ரேயர் என்றுதான் சொல்வார்கள்). இவன் அண்டாவைச் சுற்றி ஓடியதில் அடுக்கி வைத்த கப் எல்லாம் சரிந்து உருண்டது. "ஒரு நல்ல ஹைடிங் குடு, சரியாயிடுவான்" என்றார் ஓர் ஆன்ட்டி. இந்த நாட்டில் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 1996-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். வீட்டில் கண்டிப்புக்காக அடித்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பவும் முடியாது என்று 2019-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதையெல்லாம் அங்கே நின்று யாரிடம் பேசுவது? நல்லவேளை, கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, "நீ கப் எடுத்துக் குடு, நான் ஊத்தறேன்" என்றார். அண்டா காலியாகும்வரை நின்றான். அந்தப் பாட்டிக்கு ஏடிஎச்டி என்ற வார்த்தை தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

மருந்துக்கு அலைவது தனிக் கதை. இங்கே அது ஆறாம் ஷெட்யூல் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் விற்கிற வகை. மாதாமாதம் புதுச் சீட்டு வேண்டும், 30 நாள் தாண்டினால் சீட்டு செல்லாது. ஒரு தடவை இரண்டு நாள் தாமதமாகப் போய்க் கடையில் வெறுங்கையோடு நின்றேன். மெடிக்கல் எயிட் (மருத்துவக் காப்பீடு) கட்டாயம் பணம் கொடுத்தாக வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலிலும் ஏடிஎச்டி இல்லை. சரி, அதை விடுங்கள்.

சொல்ல வந்தது மூன்று மணியைப் பற்றி. இப்போதெல்லாம் மூன்றிலிருந்து நான்கு வரை வீட்டில் கேள்வியே கிடையாது. ஹோம்வொர்க் இருக்கா, டீச்சர் என்ன சொன்னார், ஒன்றும் கேட்க மாட்டேன். அவன் வரும்போதே தட்டில் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தயாராக இருக்கும். பின்வாசல் படியில் இரண்டு பேரும் உட்காருவோம். வீடு சரிவில் இருக்கிறது, சாட்ஸ்வொர்த்தில் எந்த வீடுதான் சரிவில் இல்லை. கீழே மாமரம். கறுப்பு மூஞ்சிக் குரங்குகள் கூட்டமாக வரும். டர்பன்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டிப் பாக்கெட் போச்சு.

ஒரு நாள் வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு கிளையில் வந்து உட்கார்ந்தது. இவன் அசையவே இல்லை. கையில் எடுத்த சாதம் கையிலேயே காய்ந்துவிட்டது. "அம்மா, நேத்து வந்தது இது இல்ல. இதுக்கு இடது காதுல ஒரு துண்டு காணோம்" என்றான். இரண்டு வரி எழுதுவதற்குள் எட்டு முறை எழுந்து போகிறவன் இவன். இவனிடம் கவனம் நிறையவே இருக்கிறது, நாம் கேட்கிற இடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

அப்படி உட்கார்ந்திருந்த இன்னொரு நாள், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னான்: "மாத்திரை போட்டா நான் ஜோக்கே சொல்றதில்லையாம். ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க." எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. டீச்சர் எழுதிய நல்ல மாற்றத்தில் இதுவும் சேர்த்தியா? அடுத்த தடவை டாக்டரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பிள்ளை மந்தமாகிவிட்டால் அளவு கூடுதலாக இருக்கலாம் என்று சொல்லி அவர் டோஸைக் குறைத்தார்.

மொரீஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து ஓர் அப்பா:

சகோதரி, உங்கள் மூன்று மணி என்னைக் குத்திவிட்டது. நான் தமிழ் வாத்தியார். இங்கே ஆறாம் வகுப்பில் பிஎஸ்ஏசி என்ற தொடக்கப் பள்ளி இறுதிப் பரீட்சை. அதனால் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே ட்யூஷனுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் என் மகளை நான் இன்னொரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன்.

அவள் ஓடமாட்டாள், எதையும் உடைக்கமாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெண்பிள்ளை, அமைதி, அதனால் பத்து வயது வரை யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியாரான எனக்கும்தான். டாக்டர் கொடுத்த கேள்விப் படிவத்தை ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காக நிரப்பினேன் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம் முழுக்கக் காலி. "வேலையைப் பாதியில் விடுகிறாரா" என்ற கேள்வி முன்பக்கத்தில் இருந்தது. டாக்டர் சிரித்துவிட்டு, உங்களையும் ஒரு தடவை பார்க்கலாம் என்றார். இது குடும்பத்தில் வழிவழியாக வருவது அதிகமாம். இன்னும் போகவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், அதுவே அறிகுறி என்கிறாள் மனைவி.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ட்யூஷனை நிறுத்திவிட்டேன். மாமியார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு ஜோடி தால் பூரி வாங்கி, பேப்பரோடு கையில் பிடித்துச் சாப்பிட்டபடி அவளும் நானும் நடந்தே வீட்டுக்கு வருகிறோம். பாதி நாள் பேச்சே இருக்காது.

ஒன்று கேட்கட்டுமா, டோஸ் குறைத்த பிறகு பையன் ஜோக் சொல்கிறானா?

டர்பன் அம்மா:

சொல்கிறான் அண்ணா. எல்லாம் குரங்கு ஜோக். ஒரே ஜோக்கை ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கடைசி வரி வருவதற்குள் அவனே சிரித்துவிடுகிறான். அதனால் அந்த ஜோக் எப்படி முடிகிறது என்று எங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. படிவத்தின் பின்பக்கத்தை நிரப்பிவிட்டு டாக்டரிடம் போங்கள்.