தேர்வு அறைக்கு வெளியே பியானோ வாசிக்க இடம் எங்கே?

கேள்வி
பதிந்தவர்: மாலைநேரப் பியானோ, சென்னை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயதாகிறது. ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். 31 வயதில்தான் முதன்முதலாகப் பியானோ முன் உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு எட்டரை முதல் பத்து மணி வரை என்று பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் பயின்றதில் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளில் ஏழாம் கிரேடு (நிலை) வரை தேறியிருக்கிறேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் வாசிப்பைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: என் ஆசிரியை, மனைவி, மகள், பிறகு ஒவ்வொரு தேர்விலும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தேர்வாளர்.

சென்ற மாதம் ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த மகளின் தோழியை அழைத்துப் போக அவளுடைய பாட்டி வந்திருந்தார். நான் அடுத்த அறையில் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஈ மைனர் பிரெலூடை வாசித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தே பார்கள் (தாளக் கட்டங்கள்) கொண்ட சிறிய உருப்படி அது. முடித்துவிட்டுத் திரும்பினால், அந்த அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கதவோரத்தில் நின்றிருந்தார். “இன்னொரு தடவை வாசிப்பீங்களா?” என்று கேட்டார். இரண்டாம் முறை வாசித்தபோது அதே உருப்படி என் காதுக்கே வேறாகக் கேட்டது. இடது கையின் கோர்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அரை அரைச் சுரமாக இறங்கும் இடத்தில், எனக்குப் பின்னால் ஒருவர் மூச்சுவிடாமல் நிற்கிறார் என்பது தெரிந்தது. பிறர் முன்னால் வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

இதுவரை மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒரு ஓட்டலில், வாரத்தில் ஆறு நாள் மாலை நான்கு மணி நேரம் வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர்தான் வேண்டும் என்றார்கள். ஒரு இசைப் பள்ளியில் ஆண்டு விழா மேடை குழந்தைகளுக்கு மட்டும் என்றார்கள். காபிக் கடை ஒன்றில் ஒத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் அங்கிருந்தது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு, பெடல் கிடையாது. சபா மேடைகள் நம் வாத்தியத்துக்கானவை அல்ல என்பதும் தெரியும். பணம் எனக்கு வேண்டாம். இருபது பேர் கேட்டால் போதும். எங்கே போய்க் கேட்பது, எப்படித் தயாராவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

பதில் 1
பதிந்தவர்: பழைய ஆசிரியை

தம்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். உங்களைப் போலப் பெரிய வயதில் கற்றுக்கொண்டு, வாசிக்க இடமில்லாமல் தவிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, தனிக் கச்சேரி செய்பவராகப் போய் வாய்ப்புக் கேட்பது. நம் ஊரில் தனியாகப் பியானோ வாசிப்பவரை யாரும் தேடுவதில்லை. ஆனால் கூட வாசிப்பவர் கிடைக்காமல் ஆண்டு முழுவதும் யாராவது அலைந்துகொண்டே இருக்கிறார்கள்.

வயலின், புல்லாங்குழல், வாய்ப்பாட்டு மாணவர்கள் டிரினிட்டியிலும் அசோசியேட்டட் போர்டு என்ற இன்னொரு தேர்வு வாரியத்திலும் தேர்வுக்கு எடுக்கும் உருப்படிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பியானோ துணை தேவை. தேர்வுக்கு ஆறு வாரம் முன்பு வயலின் ஆசிரியர்கள் படும் பாட்டை நான் நேரில் அறிவேன். அவர்களில் இருவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். அடுத்தது பாடகர் குழுக்கள். 1893 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பெரிய குழுவில் உடனே இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ஆராதனைக்காக அக்டோபரிலேயே ஒத்திகையைத் தொடங்கும் தேவாலயப் பாடகர் குழுக்கள் இந்த நகரில் ஏராளம். ஒத்திகையில் சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண்குரலுக்கு ஒரு முறை, ஆல்ட்டோ என்னும் தாழ்ந்த பெண்குரலுக்கு ஒரு முறை என்று அலுக்காமல் வாசித்துக் காட்ட ஒருவர் கிடைத்தால் அவரைத் தலையில் வைத்துக்கொண்டாடுவார்கள். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்துக்கு வருகிறாரா, தாளம் விடாமல் வாசிக்கிறாரா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

இதில் உங்களுக்கு வேறொரு பெரிய நன்மையும் இருக்கிறது. தனியாகவே பயில்பவர்களுக்குத் தவறு வந்த இடத்தில் நின்று, திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிடும். முப்பது பேர் பாடிக்கொண்டிருக்கும்போது அப்படித் திரும்ப முடியாது. வலது கையில் இரண்டு சுரம் விட்டுப்போனால் அது போனதுதான். இடது கை நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் இப்படி வாசித்தால், மேடையில் தவறு நேரும் என்ற அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

எனக்கு 24 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திருமண ஆராதனையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, மின்விசிறிக் காற்றில் இசைக்குறிப்புத் தாள்கள் இரண்டும் பறந்து மணப்பெண்ணின் காலடியில் போய் விழுந்தன. மீதி ஒன்றரைப் பக்கத்தை இடது கை கோர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன், பாடியவர்கள் நிற்கவில்லை. அன்று முதல் என் பையில் துணி காயப் போடும் கிளிப்புகள் நான்கு எப்போதும் இருக்கும். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2
பதிந்தவர்: மூன்றாம் மாடி

ஆசிரியை அம்மா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் தனியாக வாசிக்கும் ஆசையை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. மேடையை நாமே அமைத்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்பின் மனமகிழ் அறையில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இதுவரை ஒன்பது சிறு கச்சேரிகள் நடத்தியிருக்கிறோம். 25 நாற்காலிகள், ஒரு டிஜிட்டல் பியானோ, ஞாயிறு மாலை ஐந்து மணி. 88 கட்டைகளும் அழுத்தத்துக்கேற்ற கனமும் உள்ள சாதாரண டிஜிட்டல் பியானோ ஒன்று ஸ்டாண்ட் இல்லாமல் பதினொன்றரைக் கிலோதான் இருக்கும். காரின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுபோகலாம். அதில் இருக்கும் ஆறு வாட் ஸ்பீக்கர்கள் இரண்டும் அமைதியான அறையில் இருபது பேருக்குப் போதும். ஐம்பது பேர் என்றால் ஒலிபெருக்கி தேவைப்படும்.

அனுபவத்தில் கற்ற இரண்டு செய்திகள். முதலாவது, பெடல். நம் வீடுகளின் வழவழப்பான தரையில் கையடக்கமான பெடல் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அங்குலம் முன்னால் நகரும். மூன்றாம் பக்கத்தில் அது காலுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால் தீர்ந்தது. இரண்டாவது, பேச்சு. மேற்கத்திய இசைக்குப் பழகாதவர்கள் பொறுமையற்றவர்கள் அல்லர். எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாததால்தான் அவர்கள் கவனம் கலைகிறது. நீங்கள் குறிப்பிட்ட அதே பிரெலூடை வாசிக்கும் முன், 1849இல் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள். மொத்த நிகழ்ச்சியும் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி.

பதிப்புரிமை பற்றியும் சிலர் தயங்குவதால் சொல்கிறேன். நம் நாட்டில் இசையமைப்பாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஆகவே பாக், ஷோப்பான், ஷூமன் போன்றோரின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். திரைப்பாடல்களுக்கு உரிமை உண்டு என்றாலும், கட்டணம் வாங்காத அவையினர் முன் தொழில்முறை அல்லாத கலைச் சங்கமோ மன்றமோ வாசிப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

ஜூன் 21ஆம் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 1982இல் பிரான்சில் தொடங்கிய உலக இசை நாளின் நோக்கமே, தொழில்முறைக் கலைஞர்களோடு ஆர்வலர்களும் வெளியே வந்து இலவசமாக வாசிக்க வேண்டும் என்பதுதான். அதையொட்டி நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் நிகழ்ச்சிகள் நடத்துவது வழக்கம். ஏப்ரலிலேயே எழுதிக் கேட்பது நல்லது.

பதில் 3
பதிந்தவர்: லண்டன் ரயிலடி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். இங்கே ஓர் ஆர்வலர் யாரிடமும் அனுமதி கேட்காமல் வாசிக்கக்கூடிய இடங்கள் உண்டு. லூக் ஜெராம் என்ற கலைஞர் 2008இல் பர்மிங்ஹாம் நகரத் தெருக்களில் பியானோக்களை வைத்ததிலிருந்து இந்த வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் உள்ளவற்றில் ஒன்று, 2016இல் எல்டன் ஜான் அளித்தது. நான் முதன்முறை பொது இடத்தில் வாசித்ததும் அந்த நிலையத்தில்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நிற்பார்கள், அரை நிமிடத்தில் ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் போவது என் வாசிப்பால் அல்ல என்று மனம் ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

உங்கள் ஊரில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அங்கே கற்றது ஒன்று உங்களுக்கும் பயன்படும். மேடைக்கென்று புதிய, கடினமான உருப்படியை எடுக்காதீர்கள். இரண்டு கிரேடு கீழே உள்ள, ஓராண்டாவது கையில் ஊறிய மூன்று உருப்படிகளை எடுத்து, அவற்றையே வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு பியானோக்களில் திரும்பத் திரும்ப வாசியுங்கள். நண்பர் வீடு, ஆசிரியை வீடு, பியானோக் கடை என்று எங்கே கட்டை கிடைத்தாலும் உட்காருங்கள். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கலுக்குச் சென்னை வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். வாங்கும் எண்ணத்தோடு போகாவிட்டாலும், பணிவாகக் கேட்டால் ஐந்து நிமிடம் வாசித்துப் பார்ப்பதைப் பெரும்பாலான கடைக்காரர்கள் தடுப்பதில்லை என்பது என் அனுபவம்.

மனப்பாடமாக வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் போன்ற பியானோ மேதையே தம் பிற்காலத்தில் அரங்க விளக்குகளை அணைக்கச் சொல்லி, ஒரு சிறு விளக்கின் ஒளியில் தாளைப் பார்த்துத்தான் வாசித்தார்.

பிற்பாடு உங்களுக்குத் துணிவு வந்தால், ஆர்வலர்களுக்கென்றே போட்டிகளும் இருக்கின்றன. பாரிஸில் 1989இலும், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் பெயரால் 1999இலும் அவை தொடங்கப்பட்டன. இரண்டாவதில் 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமே இல்லை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வாசிக்கிறார்கள்.

பதில் 4
பதிந்தவர்: பழைய ஆசிரியை

லண்டன் நண்பர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வாசிக்கப் போகும் இடத்துக்கு முந்தின நாளே போய், அங்குள்ள 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கடற்கரை ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரமும் ஃபெல்ட்டும் ஈரத்தை இழுத்து உப்பி, கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் கையில் எந்தக் குற்றமும் இல்லாமலே மெட்டு அறுந்துவிடும்.

மறுமொழி, ஐந்து மாதங்களுக்குப் பின்
பதிந்தவர்: மாலைநேரப் பியானோ, சென்னை

அன்புள்ள அம்மா, நண்பர்களே, உங்கள் மூவரின் சொல்லையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

என்னுடன் பணிபுரிபவர் ஒருவர் மூலம், பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகைகளுக்கு நவம்பர் முழுவதும் செவ்வாய்தோறும் போனேன். முதல் இரண்டு வாரம் மிகவும் திணறினேன். அதிகாலை ஆராதனையில் குரல் மேலே எட்டாது என்பதால் ஒரு சுரம் இறக்கி வாசிக்கச் சொன்னபோது வியர்த்துவிட்டது. டிசம்பர் கடைசியில் அவர்களோடு கேரல் ஆராதனையில் வாசித்தேன். கிளிப்புகள் இரண்டு முறை கைகொடுத்தன.

சென்ற மாதம் ஒரு முதியோர் இல்லத்தில், யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரை மணி நேரம் வாசிக்க அனுமதி வாங்கினேன். அம்மா சொன்னபடி முந்தின நாள் போய் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். நடு சி-க்கு மேலே இருக்கும் ஏ கட்டை அழுத்தினால் எழவில்லை. பிரெலூடின் மெட்டு இறங்கி வந்து நிற்பதே அந்தச் சுரத்தில்தான். ஆகவே மறுநாள் என் டிஜிட்டல் பியானோவையும் ரப்பர் விரிப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். 22 பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று உருப்படிகளும், கடைசியில் அவர்கள் விரும்பிக் கேட்ட இரண்டு பழைய திரைப்பாடல்களும் வாசித்தேன். இரண்டாவது உருப்படியில் ஓரிடத்தில் கை தவறியது, நான் நிற்கவில்லை.

எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு பெரியவர் மட்டும் அந்த மூடிக் கிடந்த அப்ரைட் பியானோவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்தவராம்; இளமையில் அங்கே ரயில்வே ஊழியர்களின் மன்றமான இன்ஸ்டிட்யூட்டில் நடந்த நடன நிகழ்ச்சிகளில் வாசித்திருக்கிறாராம். மூடியைத் திறந்து, எழாத அந்தக் கட்டையை நகத்தால் மெல்லத் தூக்கிவிட்டு, மறுபடி அழுத்தி, மறுபடி தூக்கினார். “இதைச் சரிபண்ணினா நானும் வாசிப்பேன்” என்றார்.

இல்லத்தாரிடம் பேசி, ட்யூனர் ஒருவரை வரும் வியாழக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் வாசிக்கிறோம். நான்கு கைகளால் வாசிக்கும்படி எளிமையாக எழுதப்பட்ட வால்ட்ஸ் (ஒருவகை நடன இசை) ஏதாவது அம்மாவிடம் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். அவருக்குக் கண் பார்வை குறைவு என்பதால் பெரிய அச்சில் இருக்க வேண்டும்.