எட்டாம் அடுக்கில் நசுங்கும் பதில்கள்

கேள்வி: என் இணையதளத்தில் பதிலுக்குப் பதில் கிளை பிரியும் விவாதப் பக்கம். அடுக்குக்கு 24 பிக்சல் உள்ளே தள்ளியிருக்கிறேன். 360 பிக்சல் அகல மொபைலில் எட்டாவது அடுக்கில் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கிறது. என்ன வழி?

பதில் 1: 8 × 24 = 192. பாதித் திரை அதிலேயே போச்சே! மொபைலில் 10 பிக்சல் போதும். நாலு அடுக்கோடு தள்ளுவதை நிறுத்துங்கள். அதற்குக் கீழே, யாருக்கான பதில் என்று பெயரை இணைப்பாகக் காட்டலாம். டேட்டாபேஸில் தாய்ப்பதிவு எண்ணில் (எந்தப் பதிவுக்கான பதில் என்று குறிக்கும் எண்) மட்டும் கை வைக்காதீர்கள், கிளையை மீட்கவே முடியாது.

பதில் 2: 'சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்' மாதிரி ஒரு சொல் வந்தாலே பெட்டி பிதுங்கும். நீளச் சொல்லை உடைக்கும் சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்துக்கான மொழி) பண்பான ஓவர்ஃப்ளோ-ராப்பில் (overflow-wrap) பிரேக்-வேர்ட் (break-word) போட்டால் ஃபிளெக்ஸ் (flex) அமைப்புக்குள் பெட்டி சுருங்காது, எனிவேர் (anywhere) போடுங்கள்.

கேட்டவர்: சரியாச்சு, நன்றி. ஒவ்வொரு கிளைக்கும் இடப்பக்கம் 2 பிக்சல் கோடு வைத்திருக்கிறேன். அதைத் தட்டினால் கிளை மடங்கணும், ஆனால் கோடு விரலுக்குச் சிக்கவில்லை.

பதில் 1: 2 பிக்சல் கோடு எப்படிச் சிக்கும்? பெயர் வரி முழுவதையும் 44 பிக்சல் உயரத்தில் தட்டும் இடமாக்குங்கள்.