தைப்பூசத்தன்று நடந்த போர்டு மீட்டிங்

கம்பெனிச் சட்டம் படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் அந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே எங்கே நேருக்கு நேர் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தேன். கேட்ட நானே முதலில் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பள்ளிக்கூடம் தமிழ் வழி, சட்டம் படித்தது எர்ணாகுளத்தில். வகுப்பில் ஆங்கிலமும் மலையாளமும் மாறி மாறி ஓடும், நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். மலையாளத்தில் ஷேருக்கு ஓஹரி, கூட்டத்துக்கு யோகம். கேரளத்தின் பெரிய சமூக அமைப்பான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமே 1903இல் ஒரு கம்பெனியாகப் பதிவானதுதான் என்று ஆசிரியர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. பார்ட்னர்ஷிப்புக்கு அவர் சொன்ன சொல் பங்காளித்தம். நம் பக்கம் பங்காளி என்றால் வரப்புத் தகராறும் சாவு வீட்டுத் தீட்டும்தான் முதலில் ஞாபகம் வரும். கூட்டாகத் தொழில் செய்பவர்களுக்கும் அதே சொல் என்றதும் எனக்கு எங்கள் வீட்டு எண்ணெய் மில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

எந்தச் சட்டக் கல்லூரியிலும் இந்தப் பாடம் சாலமன் வழக்கில்தான் தொடங்கும். லண்டனில் தோல் பூட்ஸ் செய்து விற்றுக்கொண்டிருந்த ஆரன் சாலமன் 1892இல் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆளுக்கு ஒரு ஷேர். அவருக்கு 20,001. கம்பெனி நொடித்துக் கடன்காரர்கள் வந்தபோது, கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று அன்றைய இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. வகுப்பே அந்தத் தீர்ப்பைப் பேசிக்கொண்டிருந்தது. என் மனசு மட்டும் அந்த ஆறு பேரிடமே நின்றுவிட்டது. ஆள் கணக்குக்குப் பெயர் கொடுத்தவர்கள். நாங்கள் சின்ன வயதில் விளையாடும்போது ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வோமே, அதுபோல.

எங்கள் வீட்டில் அந்தச் சப்பாணி அத்தை. அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. தாத்தா நடத்திய மில்லைப் பெரியப்பா பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருந்தார். தாத்தா இறந்தபோது ஒரு டைரக்டர்தான் மிஞ்சினார். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அத்தை கையெழுத்துப் போட்டார். என்ன காகிதம் என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

நான்காம் வருஷ விடுமுறையில் போயிருந்தேன். முற்றத்தில் அத்தை தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். போன் கூப்பிட்டது, பெரியப்பா மகன். "அத்தை, ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். வைத்துவிட்டு என்னிடம், "வருசா வருசம் புரட்டாசிக்கு முன்னால இந்த நம்பர் வருது கண்ணு, எதுக்குன்னுதான் தெரியல" என்றார். எனக்குத் தெரிந்தது. டைரக்டர்கள் தங்கள் போன், மின்னஞ்சல் விவரத்தை அரசுக்கு உறுதிப்படுத்தும் கேஒய்சி. 2018இல் வந்தது, அப்போதெல்லாம் வருஷா வருஷம் கடைசித் தேதி செப்டம்பர் 30, தவறினால் 5,000 ரூபாய். அத்தை டைரக்டர் என்பது அத்தைக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் பயந்துபோனேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு டைரக்டரின் கடமைகளைச் சொல்கிறது: நல்லெண்ணத்தோடு, கவனத்தோடு, தன் சொந்தப் புத்தியால் முடிவெடுக்க வேண்டும். பெயருக்கு இருக்கிற டைரக்டருக்குத் தனிச் சலுகை எதுவும் அதில் இல்லை. மூன்று வருஷம் கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்களை 2017இல் அரசு தகுதி நீக்கம் செய்தபோது, மூன்று லட்சம் பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் வந்தார்கள். அதில் எத்தனை அத்தைகள் இருந்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ராஜினாமா செய்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். படிவம்கூட எடுத்து வைத்துவிட்டேன். கையெழுத்து வாங்குவதற்கு முந்தின ராத்திரி சட்டப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியபோதுதான் வேறொன்று பிடிபட்டது. சாதாரணப் பங்குதாரர் பொதுக்கூட்ட மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பைப் பார்க்கலாம், டைரக்டர்கள் கூடும் போர்டு மினிட்ஸைக் கேட்டுப் பார்க்க அவருக்கு உரிமையில்லை. டைரக்டருக்கோ போர்டு மினிட்ஸும் திறந்திருக்கிறது, கணக்குப் புத்தகங்களும் திறந்திருக்கின்றன. ஆள் கணக்குக்காகக் கொடுத்த நாற்காலிதான் அத்தையிடம் இருந்த ஒரே சாவி. அதை நானே பிடுங்கிப் போட இருந்தேன்.

மறுநாள் மில்லுக்குப் போனோம். மினிட்ஸ் புத்தகம் கோடுபோட்ட தடித்த அட்டை நோட்டு, பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு பக்கத்தில், கம்பெனிக்குச் சொந்தமான கொப்பரைக் களத்தைப் பெரியப்பா மகனுடைய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட ஒப்புதல். அத்தை நேரில் இருந்ததாகவும் அவரே முன்மொழிந்ததாகவும் எழுதியிருந்தது. தேதியைப் படித்தேன். அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "அன்னிக்குத் தைப்பூசமல்ல? நான் பழனியில இருந்தேன். காலு கொப்புளிச்சு வந்தேனே."

பெரியப்பா கெட்டவர் இல்லை. அந்த மில்லைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். ஆடிட்டர் ஆபீசில் தட்டி அனுப்பும் தாளை வாங்கி ஒட்டுமொத்தமாகக் கையெழுத்து வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிற பழக்கம். ஆனால் டைரக்டருக்கு ஒரு ஒப்பந்தத்தில் சொந்த அக்கறை இருந்தால் அதைப் போர்டில் சொல்லிப் பதிய வேண்டும், அதற்கு 184ஆம் பிரிவு. உறவினரோடு செய்யும் ஒப்பந்தத்துக்குப் போர்டின் உண்மையான சம்மதம் வேண்டும், அதற்கு 188. இது இரண்டும் எதற்காக வந்தது என்று நான் பரீட்சைக்குப் படித்தபோது விளங்கியதைவிட, அத்தையின் பாதத்தில் இருந்த தழும்பைப் பார்த்தபோது நன்றாக விளங்கியது.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ வந்திருந்தாலும் சரின்னுதானே சொல்லியிருப்பே" என்றார்.

"சொல்லியிருப்பேனுங்க அண்ணா. ஆனாக் கேட்டிருக்கோணுமல்ல" என்றார் அத்தை.

அத்தை கையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஷேர் இருக்கிறது. சிறுபான்மைப் பங்குதாரராக 241ஆம் பிரிவில் கொச்சியிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக அது போதும். சொன்னேன். அண்ணனை அங்கே கொண்டுபோய் நிறுத்த மாட்டேன் என்றார். அது அவர் முடிவு, நான் மறுத்துப் பேசவில்லை. குத்தகையைத் திரும்ப ஒரு மீட்டிங் போட்டு, வாடகையை ஊர் நிலவரத்துக்கு உயர்த்தி, மகன் பெயரைச் சொல்லி எழுதினார்கள். அத்தை அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார்.

*

நான் இடுக்கிப் பக்கம் வண்டிப்பெரியாறு. அக்கா, ஒப்புக்குச் சப்பாணி என்ற சொல்லைப் படித்ததும் என் செமினார் ஞாபகம் வந்தது.

எனக்குக் கிடைத்த வழக்கு பச்சா குஸ்தர், 1954, உச்ச நீதிமன்றம். அவர் தேயிலைக் கம்பெனிகளில் ஷேர் வைத்திருந்தார். தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. அப்படியானால் எனக்கு லாபப் பங்காக வரும் டிவிடெண்டிலும் 60 சதவீதத்துக்கு வரி கூடாதே என்று கேட்டார். டிவிடெண்ட் முழுவதற்கும் வரி உண்டு என்றது நீதிமன்றம். நிலம் கம்பெனிக்குச் சொந்தம், ஷேர் வைத்திருப்பவருக்கு அந்த நிலத்திலோ செடியிலோ ஒரு பாத்தியமும் இல்லை.

இதோடு மூணாறைச் சேர்த்துப் பேசினேன். 2005இல் டாடா டீ அங்கே தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி வந்தது, தொழிலாளர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். நாட்டிலேயே அபூர்வமான ஏற்பாடு. பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் 10 சதவீதம் என்றதும் கொழுந்து கிள்ளும் நம் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போது வந்ததுதான். கேட்டது 20 சதவீதம். முடிவில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 கருணைத்தொகை, இரண்டும் சேர்ந்து 20. அந்த 8.33ம் 20ம் அன்று நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்தின் கீழ் எல்லையும் மேல் எல்லையும்.

பேசுவதற்கு முந்தின வாரம் எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் பாட்டியிடம் ஒத்திகை பார்த்தேன். பாட்டி வேறு எஸ்டேட், நாற்பது வருஷம் கூடை சுமந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "முதலாளின்னா போனஸ் எதுக்கு, தொழிலாளின்னா ஷேர் எதுக்கு?" என்றார். நான் என் கட்டுரையையே மாற்றி எழுதினேன். ஒரே பெண் காலையில் தொழிலாளி, ஷேர் பத்திரத்தில் உடைமைக்காரி. சட்டம் இந்த இரண்டையும் தனித்தனி ஆளாகப் பார்க்கிறது. போனஸ் கேட்கச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க 21 நாள் நோட்டீஸும் ஓட்டும் இருக்கிறது. ஆனால் ஷேர் ஆயிரக்கணக்கான பேரிடம் துளித்துளியாகப் பிரிந்து கிடக்கும்போது, ஒருத்தர் கையைத் தூக்குவது மேடைக்குத் தெரிவதில்லை. ரோட்டில் உட்கார்ந்தால் தெரிகிறது. இதைத்தான் எழுதினேன். ஆசிரியர், பாட்டியின் கேள்வியை முதல் வரியாக வைக்கச் சொன்னார்.

அத்தை இப்போதும் டைரக்டராக இருக்கிறாரா அக்கா?

*

நான் நகரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. சட்டம் திருப்பதியில். ஷேருக்கு எங்களுக்கு வாட்டா.

ஆந்திராவில் இந்தப் பாடம் படித்தால் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியைத் தாண்டிப் போக முடியாது. 2009 ஜனவரி 7 அன்று அந்தக் கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு போர்டுக்கு எழுதிய கடிதத்தை வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தியாகப் படித்தோம். வங்கியிலும் கையிலும் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதுபோல் என்று ஓரிடத்தில் வரும். புலிவாலைப் பிடித்த கதை என்று நான் தமிழில் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

என்னை உலுக்கியது அதற்கு மூன்று வாரம் முந்தைய மீட்டிங். 2008 டிசம்பர் 16, ராஜு குடும்பத்தின் மேதாஸ் நிறுவனங்களை வாங்கப் போர்டு ஒப்புக்கொண்டது. அந்த மேசையில் நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை டைரக்டர்கள் இருந்தார்கள். பெரிய மேலாண்மைப் பள்ளிகளின் பேராசிரியர்கள், முன்னாள் அதிகாரிகள். ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. முதலீட்டாளர்கள் கொதித்த பிறகு சில மணி நேரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதே 2008இல்தான் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, யாரும் கேட்கவில்லை. இவர்களுக்கு எல்லாம் தெரியும், இவர்களிடம் சம்மதமும் கேட்டார்கள். எனக்கு இது பெரிய கோபம், இன்னும் தீரவில்லை.

2013 சட்டத்தில் பல பிரிவுகள் அந்தக் காயத்தின் தழும்புதான். லிஸ்ட் ஆன கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை டைரக்டர்கள். ஆடிட் நிறுவனத்துக்கு ஐந்து வருஷம் வீதம் இரண்டு தவணைதான், அப்புறம் விலக வேண்டும். பங்குதாரர்கள் கூட்டாக வழக்குப் போட 245ஆம் பிரிவு.

படிக்கும்போது ஒரு சின்னக் கம்பெனியில் அப்பா பெயரில் ஒரே ஒரு ஷேர் வாங்கினேன். ஆண்டுக் கூட்டம் வீடியோவில் நடந்தது. அப்பாவுக்கு நான் தெலுங்கில் எழுதிக் கொடுத்த கேள்வி: போன வருஷம் எந்தத் தீர்மானத்துக்காவது சுயேச்சை டைரக்டர் யாராவது மாற்றுக் கருத்துச் சொன்னாரா? அப்பா லுங்கிக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தடுமாறாமல் கேட்டார். தலைவர் ஒரு நிமிஷம் தாளைப் புரட்டிவிட்டு, இல்லை, எல்லாம் ஒருமனதாக என்றார். நன்றி என்று அப்பா கை கூப்பினார்.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறுபடியும் நான்.

வண்டிப்பெரியாற்றுத் தங்கச்சிக்கு: இருக்கிறார். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஆங்கில மினிட்ஸோடு தமிழில் அரைப் பக்கம் தனியாக வருகிறது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை, அத்தை கேட்டார். அந்தத் தாள்களை ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பையில் போட்டு அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஒரு செப்டம்பரில் நான் அங்கே இருந்தேன். வழக்கம்போல் போன் வந்தது, பெரியப்பா மகனான அண்ணன் நம்பரைக் கேட்டார். அத்தை சொல்லவில்லை. "வீட்டுக்கு வா சாமி, எந்தத் தாளுக்குன்னு காட்டு, அப்புறம் படிக்கறேன்" என்றார். சாயங்காலம் அண்ணன் லேப்டாப்போடு வந்தார். காப்பி குடித்தார்கள். திரையில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது. கடைசியில் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை வெளிச்சத்தில் பிடித்து, எண்களைப் படித்தார்.