மஞ்சள் மாத்திரையும் முடக்கத்தானும்: மூட்டு வீக்கத்துக்கு மூலிகை எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து, வயது 47:

வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். 6 வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் கோலப்பொடியை விரல் இடுக்கில் பிடிக்க முடியவில்லை. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாசி பிறந்தும் விரல் மடங்கவில்லை. எழுந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் கை என் பேச்சைக் கேட்காது. அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அமுக்க மகனை எழுப்ப வேண்டும். ஊசியில் நூல் கோப்பதெல்லாம் 11 மணிக்கு மேல்தான். இந்த வாதத்தைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுமே பாசிட்டிவ். முடக்குவாதம், நம் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டைத் தாக்கும் நோய், பெரியவர்கள் வாயில் சரவாங்கி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தத் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை 15 மில்லிகிராம், மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். நாலு மாதத்தில் மிஷினை மிதித்துத் தைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல், தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி. அந்த நேரம் பார்த்து என் மதினி ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். 120 கேப்ஸ்யூல், மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும். "மஞ்சள்தானே, குழம்பில் போடுகிறோம், மேலுக்குப் பூசுகிறோம், என்ன செய்துவிடும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

7 வாரம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 40-ஐத் தாண்டக்கூடாது, எனக்கு 212. ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் மெத்தோட்ரெக்சேட்டை உடனே நிறுத்தினார். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. திட்டுவார் என்ற பயம், அதோடு மஞ்சளை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? வெளியே நின்ற என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "அந்த மஞ்சள் மாத்திரையைச் சொல்லு" என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். மஞ்சள் தூளில் குர்க்குமின் என்ற சத்து 100-க்குச் சுமார் 3 பங்குதான். என் கேப்ஸ்யூலோ 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் குர்க்குமின். ஒரு கேப்ஸ்யூலுக்கு ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் தூள். இரண்டுக்கு 30 கிராம், அதாவது தினமும் 10 டீஸ்பூன் மஞ்சளை விழுங்கியிருக்கிறேன். எந்தக் குழம்பில் அவ்வளவு போடுவோம்? அதிலும் குர்க்குமின் சும்மா சாப்பிட்டால் உடம்பில் பெரிதாக ஒட்டாது. அதற்குத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் 1998-ல் செய்த ஆய்வில் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு ஏறியதாம். டப்பாவில் பெருமையாகப் போட்டிருப்பது இதைத்தான். ஆனால் அதே பைப்பரின் ஈரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேலையையும் தடுக்கும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் கேப்ஸ்யூலால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றார்.

எனக்கு ஈரலைத் தொந்தரவு செய்தது கேப்ஸ்யூலா, மெத்தோட்ரெக்சேட்டா, இரண்டும் சேர்ந்தா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் நிறுத்தி, 9 வாரத்தில் அளவு இறங்கியது. அந்த 9 வாரமும் மூட்டு என்னைப் பழிவாங்கிவிட்டது, அது தனிக்கதை. தீபாவளி ஆர்டர் 30 ஜாக்கெட்டையும் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்தேன்.

மூலிகை எதுவும் தொடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு எது கேட்டது, எது காலை வாரியது, சொல்லுங்கள்.

டி. கல்லுப்பட்டி பக்கமிருந்து:

அக்கா, உங்கள் டப்பாவிலாவது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தது. என் அப்பாவுக்கு வந்த பொடி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்தது.

அப்பாவுக்கு 61 வயது, மானாவாரி விவசாயம். இரண்டு முழங்காலும் மணிக்கட்டும் வீங்கிக் கிடந்தார். வாரச் சந்தையில் ஓலைப்பாய் விரித்து வேர், பட்டை, கொட்டை பரப்பி உட்கார்ந்திருந்தவர் கொடுத்தது. சுண்டைக்காய் அளவு பொடியைத் தேனில் குழைத்து இரண்டு வேளை. மூன்றாம் நாள் அப்பா மண்வெட்டியோடு காட்டுக்குப் போய்விட்டார். ஊரே அந்த ஆளைத் தேடிப் போய் வாங்கியது. நானும்தான் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன், மறைக்கவில்லை.

நாலு மாதத்தில் அப்பாவின் முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியது. முள் கீறினால் நீலமாகக் கன்றிப்போகும். இத்தனை நாள் இல்லாத சர்க்கரை 340. நாங்கள் பயந்துபோய்ப் பொடியை ஒரேயடியாக நிறுத்தினோம். அதுதான் பெரிய தப்பாகிவிட்டது. ஐந்தாம் நாள் வாந்தி, பிரஷர் இறங்கி ஆள் சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் காலை நேரக் கார்ட்டிசோல், அதாவது உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டின் அளவு, பார்த்தார்கள். ரொம்பக் குறைவு. பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள், வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போனதால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி தன் வேலையை மறந்துவிட்டது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பாவைப் பிழைக்க வைக்க அதே ஸ்டீராய்டைத்தான் ஊசியில் ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு மாத்திரையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த 8 மாதம் ஆனது.

இப்போது யாராவது "மூன்றே நாளில் வலி போச்சு" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இலையும் வேரும் அவ்வளவு அவசரமாக வேலை செய்யாது. அந்த ஆள் அப்புறம் சந்தைப் பக்கமே வரவில்லை.

செல்லூரிலிருந்து:

எனக்கு சோரியாசிஸ், 11 வருடம். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லலாம்.

நல்லது வெட்பாலை எண்ணெய். இலையை நகத்தால் கிள்ளி, கண்ணாடிப் பாட்டிலில் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைப்பார் அம்மா. மதுரை வெயிலுக்கு நாள் போகப் போக நாவற்பழ நிறம் ஏறிவிடும். முழங்கையிலும் தலையிலும் செதில் உதிர்வது குறையும், அரிப்பு அடங்கும். சட்டை கறையாகும், தலையணை உறையை மறந்துவிடுங்கள். சித்த மருத்துவத்தில் காலங்காலமாக இருப்பதுதான். என் தோல் டாக்டரும் பூசிக்கொள் என்றார்.

கெட்டது என்னவென்றால், தோல் மங்கியதும் நோயே போய்விட்டதாக நினைத்து 2 வருடம் டாக்டரிடம் போகவில்லை. நகத்தில் தையல்காரர் விரல் உறை மாதிரி குழி குழியாக விழுந்தது. கால் விரல் ஒன்று பனங்கிழங்கு போல வீங்கியது. செருப்பு கடிக்கிறது என்று செருப்பை மாற்றினேன். எக்ஸ்ரே எடுத்தபோது விரல் மூட்டு அரித்துப் போயிருந்தது. சோரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரை இந்த மூட்டுவாதம் வருமாம். எண்ணெய் தோலோடு நின்றுவிடும், உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. இப்போது ஊசி மருந்தும் உண்டு, வெட்பாலையும் உண்டு.

கே.கே. நகரிலிருந்து:

தைராய்டு குறைவு, ஹாஷிமோட்டோ. அதுவும் தன் உடம்பே தன்னைத் தாக்கும் வகைதான் என்று எனக்கு அப்போது தெரியாது, தைராய்டு மாத்திரை போடுகிறேன் என்ற அளவில்தான் இருந்தேன்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலை. எங்கள் தெருவில் எல்லோரும் சீந்தில் கஷாயம். எதிர்ப்புச் சக்தி ஏறும் என்றார்கள். எனக்கோ ஏற்கெனவே அது தேவைக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தது! பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் படர்ந்த கொடியை வெட்டி, விரல் நீளத் தண்டை நசுக்கிக் கொதிக்க வைத்து 3 மாதம் குடித்தேன். கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 9, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. பித்தப்பைக் கல்லா, வைரஸா என்று தேடி, கடைசியில் ஈரலில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ், அதாவது எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய், மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மும்பை டாக்டர்கள் அதே வருடம் 6 பேருக்கு இப்படி வந்ததைப் பிரசுரித்தார்கள். அடுத்த வருடம் நாடு முழுக்க 13 மருத்துவமனைகளில் 43 பேர். ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. சீந்திலைப் போலவே இருக்கும் இன்னொரு கொடியை மாற்றிக் குடித்திருக்கலாம் என்றது. இருக்கலாம். நான் குடித்தது எந்தக் கொடி என்று யாருக்குத் தெரியும்? நர்சரியில் சீந்தில் என்று கொடுத்தார்களாம், அவ்வளவுதான். கொடியைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் வெட்டவில்லை, அவர் குடித்து நன்றாகத்தான் இருக்கிறார்.

அமுக்கராக் கிழங்கும் (அஸ்வகந்தா) எங்களைப் போன்றவர்களுக்கு யோசிக்க வேண்டியது. தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும். டென்மார்க்கில் 2023-லேயே தடை செய்துவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் சம்பந்தி ஊர், இருப்பது திருநகர்:

எனக்கு யூரிக் ஆசிட் வாதம், கட்டைவிரல் நெருப்பாக எரியும். தன் உடம்பே தன்னைத் தாக்கும் வகை நோய் இல்லை, ஆனாலும் வீக்கம்தானே. டாக்டர் கொடுத்த கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரையை சம்பந்தியிடம் காட்டினேன். சிரித்தார். அவர் காட்டில் போட்டிருக்கும் கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து எடுக்கும் சரக்குதான் அது. நம் மாநிலப் பூ செங்காந்தள். அந்தக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்களை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். செடிதானே என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அளவுதான் கணக்கு.

ஓய்வு பெற்ற சித்த மருந்தாளுநர், அனுப்பானடி:

அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் மருந்து கொடுத்து நரைத்தவன். இங்கே சித்த மருத்துவத்தின் மேல் பழி விழுகிற மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஜெய்ஹிந்துபுரத்து அம்மாவின் மஞ்சள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அது உணவுப் பாதுகாப்பு உரிம எண். சட்டப்படி அது உணவு. சித்த மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்க்கை எல்லாம் இருக்க வேண்டும். சந்தைப் பாட்டிலில் எதுவுமே இல்லை. மூன்றையும் "மூலிகை" என்று ஒரே கூடையில் போடுவது சரியில்லை. வாதம் தீரும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் வருட மாயாஜால மருந்துச் சட்டம் தடுக்கிறது. யார் மதிக்கிறார்கள்?

எங்கள் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒன்று இருந்தது. பற்பம், செந்தூரம் என்று உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் மருந்துகளில் முறைப்படி முடிக்காத எதையும் தெரியாத ஆளிடம் வாங்காதீர்கள். சித்த மருத்துவரைப் பார்க்கும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும் கையில் கொண்டு போங்கள். நான் இருந்த இடத்தில் பத்தில் எட்டுப் பேர் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே இதை மறைப்பார்கள், இங்கே அதை மறைப்பார்கள்.

ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து மறுபடியும்:

ஐயா சொன்னது என்னைத்தான். இப்போது டாக்டரிடம் போகும்போது மஞ்சள் பையில் வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் அள்ளிக்கொண்டு போகிறேன். கஷாயப் பொடி உட்பட. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததைத் தனியாக வைப்பார். சல்லகி என்ற மரப்பிசின் கேப்ஸ்யூல் ஒன்று அப்படித் தனியாகப் போனது.

தலைப்பில் போட்ட முடக்கத்தானைப் பற்றி: அந்தக் கீரையில் வாரம் இரண்டு நாள் தோசை. ஒரு கைப்பிடி இலையை ஊறவைத்த இட்லி அரிசியோடு அரைத்து, கொஞ்சம் உளுந்து, வெந்தயம். புளிக்க வைத்தால் கசப்பு தெரியாது. அதனால் என் விரல் விறைப்பு குறைந்ததா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், தெரியவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திய 9 வாரமும் தினமும் தோசை சாப்பிட்டேன், வீக்கம் வந்தது வந்ததுதான். ஆனால் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தால் அந்தக் காலை நேரம் சற்று இளகுகிறது. இலையா, சூடா? எதுவாக இருந்தாலும் சரி.

பிரண்டைத் துவையலுக்கு இளம் தண்டாக எடுங்கள், கணுவை நறுக்கிவிட்டு நல்லெண்ணெயில் சுருள வதக்கிப் புளியோடு அரையுங்கள், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் கையும் அரிக்கும். முடக்கத்தான் எங்கள் தெருக்கோடியில் கீரைக்கார அம்மாவிடம் செவ்வாயும் வெள்ளியும் கிடைக்கும், 7 மணிக்குள் போனால்தான்.